மடி கொடுத்தவர்கள்

கார்த்திகை தீபம் முடிந்த வாரத்தில் வேங்கிக்கால் வெறிச்சென்று இருக்கும். வேலூர் சாலையில் விடிய விடிய நின்ற சிறப்புப் பேருந்துகள் போயிருக்கும். மலை உச்சியில் தீபம் மட்டும் இன்னும் சில இரவுகள் எரியும். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகளோடு வந்து கிரிவலம் நடந்து, பேருந்து தேடி அலைந்த பெண்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். கொஞ்ச நாளில் அதே கோலத்தில் நானும் கிளம்புவேன். இடுப்பில் மூன்று வயது மகன், கையில் எட்டு வயது மகள், தோளில் கம்பளிச் சட்டைகள் திணித்த பை. கோத்தகிரியில் அம்மா வீட்டில் கிறிஸ்துமஸ்.

வேங்கிக்காலில் கிறிஸ்துமஸ் பனி என்பது மார்கழிப் பனி. மார்கழியையும் தையையும் முன்பனிக் காலம் என்று பிரித்து வைத்தார்கள் நம் முன்னோர். அந்தப் பனி தலையில் இறங்கும், தரையில் தங்காது. ஆகவே நம் ஊர் வீடுகளில் சவுக்குக் கிளை வெட்டி வந்து, அதில் பஞ்சைப் பிய்த்து ஒட்டிப் பனி செய்கிறோம். நீலகிரியில் கதை வேறு. மேகமில்லாத இரவில் நிலம் தன் சூட்டை இழந்துவிடும். கனத்த குளிர்காற்று பள்ளங்களில் இறங்கித் தேங்கும். புல்லின் மேல் படிந்த ஈரம் விடிவதற்குள் உப்பு தூவினாற்போல் உறைந்திருக்கும். வானத்திலிருந்து கொட்டும் பனி இல்லைதான். ஆனால் கையால் சுரண்டி எடுக்கலாம். என் பிள்ளைகளுக்கு அது போதும். "ஆயா, ஐஸு!" என்று கத்திக்கொண்டே பாட்டியிடம் ஓடுவார்கள்.

அந்த 'ஆயா' என் அம்மாவுக்குப் பிடிக்காது. திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கம் பாட்டியை ஆயா என்போம். என் மாமியாரை அப்படித்தான் அழைக்கிறார்கள், அதே பழக்கத்தில் அம்மாவையும் அழைக்கிறார்கள். அம்மா ஒவ்வோர் ஆண்டும் திருத்துவார்: "அம்மாயின்னு கூப்புடச் சொல்லு. ஆயான்னா பிள்ளைக் காம்பராவுல பிள்ளை பாக்குறவ." அம்மா பிறந்தது இலங்கை மலையகத்தின் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுச் செல்லும் அறைதான் பிள்ளைக் காம்பரா. அங்கே பிள்ளைகளைத் தூக்கி வைத்திருந்தவர் உறவுக்காரப் பாட்டி இல்லை, கூலிக்கு வைத்த பெண்.

ஒரே சொல் இங்கே உறவாகவும் அங்கே கூலி வேலையாகவும் இருப்பது என்னை யோசிக்க வைத்தது. சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, குளிர்ந்த மலைக்கோ பனி பெய்யும் ஊருக்கோ, உறவினர் வீட்டுக் கிறிஸ்துமஸுக்குப் போகும் பயணத்தை நாம் விடுமுறை என்கிறோம். அந்தப் பிள்ளைகளைத் தூக்கியவருக்கு அது எப்போதாவது விடுமுறையாக இருந்ததா?

பனி மூடிய கூரை, எரியும் கணப்பு, தாத்தா பாட்டி வீட்டில் கூடும் குடும்பம் என்ற கிறிஸ்துமஸ் படம் மிகப் பழையதன்று. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவானது. சார்லஸ் டிக்கன்ஸின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் கதை 1843இல் வெளிவந்தது. அச்சடித்து விற்கப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டையும் அதே ஆண்டில்தான் வந்தது. ரயில் பாதைகள் பரவியதும் நகரத்தில் வேலை பார்த்தவர்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போக முடிந்தது. வாழ்த்தட்டையும் ரயிலும் சேர்ந்து ஒரு பண்டிகையை ஒரு பயணமாக்கின.

அந்தப் படத்தை மனதில் சுமந்தபடிதான் ஆங்கிலேயக் குடும்பங்கள் இந்தியாவுக்கு வந்தன. தங்கள் நாட்டுக் குளிரை இங்கே தேடி மலை ஏறின. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் தன் முதல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார். பிறகு உதகமண்டலம் மதராஸ் அரசின் கோடைத் தலைநகரானது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் 1899இல் குன்னூரையும், 1908இல் உதகையையும் எட்டியது. மலையில் குளிர் இருந்தது. உறவினர்கள் மட்டும் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். அவர்களைப் பார்க்கப் பிள்ளைகளைக் கப்பலில்தான் கொண்டுபோக வேண்டும். அந்தப் பிள்ளைகளைக் கப்பலில் தூக்கிச் சென்றவர்கள் ஆயாக்கள்.

'ஆயா' போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல். ஆங்கிலேயர் வீடுகளில் அது பிள்ளை வளர்க்கும் வேலைக்காரப் பெண்ணுக்குப் பெயரானது. கப்பல் பயணத்துக்கென்றே தனியாக அமர்த்தப்பட்ட ஆயாக்கள் உண்டு. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கும்வரை ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகும் பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் ஆகும். கால்வாய் வந்த பின் நீராவிக் கப்பலில் சில வாரங்கள். கடல் ஒவ்வாமையில் படுத்துவிடும் துரைசானியைப் பார்க்க வேண்டும், பிள்ளைகளைக் குளிப்பாட்டி ஊட்டித் தூங்கவைக்க வேண்டும், பெட்டிகளைக் காக்க வேண்டும். பயணிகள் பட்டியலில் அந்த ஆயாவின் பெயர் பெரும்பாலும் இருக்காது. இன்னார் மனைவியின் ஆயா என்று மட்டும் இருக்கும். கைப்பிள்ளைக்குக்கூட ஒரு குடும்பப் பெயர் இருந்தது, அதைத் தூக்கியவருக்கு இல்லை.

இங்கிலாந்தில் பிள்ளை தன் பாட்டியின் கைக்குப் போனதும் ஆயாவின் வேலை முடிந்தது. திரும்பும் கப்பல் செலவை முன்பே பேசி வைத்தவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்களை அங்கேயே கைவிட்ட குடும்பங்கள் இருந்தன. 1908இல் ஓர் ஆயா லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில், கையில் ஒரு பவுண்டோடு விடப்பட்டது அன்று அதிகாரிகள்வரை பேசப்பட்டது. இப்படித் தனித்து நின்றவர்களுக்காக லண்டனில் ஆயாக்கள் இல்லம் ஒன்று இருந்தது. முதலில் ஆல்ட்கேட் பகுதியில் இருந்த அந்த இல்லம் 1900இல் ஹாக்னியில் கிங் எட்வர்ட்ஸ் சாலை 26ஆம் எண் வீட்டுக்கு வந்தது. லண்டன் நகர மிஷன் அதை நடத்தியது. 1921இல் அதே சாலையில் இன்னும் பெரிய கட்டிடத்துக்கு மாறியது. ஆண்டுக்கு நூறு பெண்கள் அளவில் அங்கே தங்கிப் போனார்கள். இந்தியப் பெண்களோடு சீனாவிலிருந்து வந்த பிள்ளை வளர்க்கும் பெண்களும் இருந்தார்கள்.

அந்த இல்லம் இயங்கிய விதத்தைக் கவனிக்க வேண்டும். ஆயாவிடம் திரும்பும் பயணச்சீட்டு இருந்தால் இல்லத்தார் அதை வாங்கி வைத்துக்கொள்வார்கள். இந்தியாவுக்குப் புறப்படும் வேறொரு குடும்பம் பிள்ளைகளைப் பார்க்க ஆள் கேட்டு வரும். அந்தக் குடும்பத்திடம் பணம் பெற்றுக்கொண்டு சீட்டையும் ஆயாவையும் சேர்த்து அனுப்புவார்கள். அந்தப் பணத்தில் அவர் தங்கிய செலவு கழிந்துவிடும். ஊர் திரும்பும் பயணத்திலும் அவர் மடியில் இன்னொருவர் பிள்ளைதான். துரைகளின் குடும்பங்கள் பொதுவாக வெயிலுக்கு முன்பு இங்கிருந்து கிளம்பி, இலையுதிர் காலத்தில் அங்கிருந்து திரும்பும். அந்தக் கப்பல்களில் இடம் கிடைக்காதவருக்குக் குளிர்காலம் முழுக்க ஹாக்னிதான். யாருடைய பிள்ளையைப் பனிக் கிறிஸ்துமஸுக்குக் கொண்டுவந்து சேர்த்தாரோ அந்தப் பிள்ளை ஒரு வீட்டில் இருக்கும், இவர் வேறொரு சாலையில், அந்நிய மொழி பேசும் ஊரில் இருப்பார்.

இவர்களைப் பரிதாபத்துக்குரியவர்களாக மட்டும் பார்ப்பதும் சரியில்லை. கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று ஆண்களே தயங்கிய காலத்தில் இவர்கள் திரும்பத் திரும்பக் கடல் கடந்தார்கள். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே 54 முறை போய் வந்ததாக ஓர் ஆயாவைப் பற்றி 1920களில் பதிவு இருக்கிறது. அத்தனை முறை சென்ற ஓர் ஆண் தன் பயண நூலை எழுதியிருப்பார், நாமும் பாடத்தில் படித்திருப்போம். ஆயாக்களின் கதையை ரோசினா விஸ்ராம் 1986இல் வெளியிட்ட நூல்தான் பரவலாக வெளியே கொண்டுவந்தது. ஹாக்னி வீட்டில் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது 2022இல். நூறாண்டுகள் ஆகின.

போன கிறிஸ்துமஸில் அடுப்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். அதிரச மாவைத் தட்டிக்கொண்டே கேட்டவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அவுங்க பெத்த பிள்ளைங்கள யாரு பாத்தா?" என்னிடம் பதில் இல்லை. மதராசிலோ கல்கத்தாவிலோ ஏதோ ஓர் அக்காவோ, அத்தையோ, கிழவியோ பார்த்திருப்பார். அவருக்கு மாதச் சம்பளம்கூட இருந்திருக்காது. ஒரு குடும்பத்தின் பண்டிகைக்குப் பின்னால் இப்படி இரண்டு மூன்று பெண்களின் மடி அடுக்கடுக்காக இருந்தது.

அம்மா அப்படிக் கேட்டதற்கு அவர் வந்த வழியும் காரணம். இலங்கையின் குளிர்ந்த மலைகளில் தேயிலை போட்டவர்கள் ஆங்கிலேயர், அதைப் பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள். கொழுந்து பறித்த கைகளில் பெரும்பகுதி பெண்களுடையவை. இலங்கைத் தோட்டங்களில் பெண்ணின் நாட்கூலி 1984 வரை ஆணின் கூலியைவிடக் குறைவாகவே இருந்தது. இலங்கை விடுதலை பெற்ற 1948இலேயே புதிய குடியுரிமைச் சட்டத்தால் இந்த மக்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. 1974இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். யாரும் அந்த மக்களைக் கேட்கவில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரம்கூட ஆகாத நிலையில், கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு, 1964 டிசம்பர் 22 இரவில் பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது, அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே உறவினரைப் பார்க்கப் போய்வந்த பழைய வழி அதுதான். பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டவர்கள் அதில்தான் வந்தார்கள்.

என் அம்மா வந்தது 1973இல், ஆறு வயதில். என் அம்மாயி மூன்று பிள்ளைகளோடு மலையிலிருந்து தலைமன்னாருக்கு ரயில் ஏறினார். மலையகத்தில் ரயிலைக் கோச்சி என்பார்கள். இந்தியாவுக்கு ஆட்களைக் கொண்டுபோன அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். ஒவ்வொரு நிலையத்திலும் போகிறவர்களும் நிற்கிறவர்களும் கட்டிப்பிடித்து அழுததால் வந்த பெயர். அம்மாயியின் தங்கைக்கு, கணவர் வழியில், இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. இவருக்குக் கணவர் வழியில் இந்தியா. இரண்டு பெண்கள் எந்த நாட்டில் வாழ்வது என்பதை இரண்டு ஆண்களின் விண்ணப்பங்கள் முடிவு செய்தன. சகோதரிகள் அதற்குப் பிறகு சேர்ந்து ஒரு கிறிஸ்துமஸ்கூடக் கொண்டாடவில்லை. கப்பல் 1984இல் போர்ச் சூழலில் நின்றது, கடிதங்களும் பிறகு நின்றன.

அம்மாயியின் பழைய கடவுச்சீட்டு வீட்டில் இருக்கிறது. அவர் படத்துக்குக் கீழே மூன்று பிள்ளைகளின் பெயர்கள். முகாமில் கொடுத்த குடும்ப அட்டையில் தாத்தாவின் பெயர் முதலில், தொழில் தோட்டத் தொழிலாளி. அம்மாயிக்கு நேரே மனைவி. பதினான்கு வயதிலிருந்து கொழுந்துக் கூடை சுமந்தவருக்கு அந்த அட்டையில் தொழில் இல்லை. கப்பலில் கைப்பிள்ளையை மடியில் கிடத்தி, மற்ற இரண்டையும் முந்தானையில் முடிச்சுப் போட்டுக் கட்டி வைத்திருந்ததாக அம்மா சொல்வார். கப்பல் பட்டியலில் பெயர் இல்லாமல் வந்த ஆயாவும், அட்டையில் தொழில் இல்லாமல் வந்த அம்மாயியும் எனக்குப் பக்கத்துப் பக்கத்தில் தெரிகிறார்கள்.

தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தரத் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுதான் 1976இல் டான்டீ நிறுவனமானது. வேறு பலர் தனியார் தோட்டங்களுக்குப் போனார்கள். அப்படித்தான் எங்கள் குடும்பம் ஒரு குளிர்மலையிலிருந்து இன்னொரு குளிர்மலைக்கு வந்தது. அம்மாவும் கொழுந்து பறித்தார். என்னைப் படிக்க வைத்தார். நான் திருமணமாகி மலை இறங்கி வேங்கிக்காலுக்கு வந்தேன். ஆண்டுக்கு ஒருமுறை ஏறிப்போகிறேன்.

இப்போது என் பயணத்துக்கு வருகிறேன். பெண்களின் ரயில் பயணத்தைச் சட்டம் எப்போது பார்க்கத் தொடங்கியது? 1890ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டம், 64ஆம் பிரிவு. 1891 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு பயணிகள் ரயிலிலும் மிகக் குறைந்த வகுப்பில் ஓர் அறையாவது பெண்களுக்கென்று ஒதுக்க வேண்டும். ஐம்பது மைலுக்கு மேல் ஓடும் ரயில் என்றால் அதில் கழிப்பறை வேண்டும். ஏழைப் பெண்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்தச் சட்டத்தின் கவலை பெண்ணை அந்நிய ஆண்களிடமிருந்து பிரித்து வைப்பது. அவர் மடியில் ஒரு குழந்தை இருக்கும், அதற்கும் படுக்க இடம் வேண்டும் என்பது அதில் இல்லை.

இன்றும் விதி ஏறத்தாழ அப்படித்தான். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குக் கட்டணம் இல்லை, தனி இடமும் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் என்றால் முன்பு பாதிக் கட்டணத்தில் படுக்கை கிடைத்தது. 2016 ஏப்ரல் முதல் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். பாதிக் கட்டணம் கட்டினால் ஏறலாம், படுக்கை கிடையாது. அப்படியானால் அந்தப் பிள்ளை எங்கே படுக்கும்? விதி வாய்விட்டுச் சொல்லாத பதில், தாயின் படுக்கையில். 'இலவசம்', 'பாதி' என்ற இரண்டு சொற்களும் தாயின் உடம்பை இருக்கையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. அந்த இருக்கைக்கு ரயில்வே எதுவும் தருவதில்லை.

மாற்றம் இல்லாமல் இல்லை. 2015இல் தமிழகப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசுப் பேருந்தில் மூன்று வயதுவரை இருந்த குழந்தைகளுக்கான இலவசம் 2022இல் ஐந்து வயதுவரை ஆனது. அதே ஆண்டு மே மாதம் லக்னோ மெயிலில் கீழ்ப்படுக்கையோடு குழந்தைக்கான சிறு படுக்கை ஒன்றைச் சோதனையாக இணைத்தார்கள். குழந்தை மடியில் இருப்பது தாயின் இயல்பு என்று விடாமல், அதற்கும் இடம் வேண்டும் என்று யாரோ யோசித்ததன் அடையாளம் அது. நம் பேருந்துகளிலும் ரயில்களிலும் அந்த யோசனை இன்னும் எவ்வளவோ தூரம் வர வேண்டும்.

நான் காட்பாடியில் இரவு ரயில் ஏறுகிறேன். மகளுக்கும் சேர்த்து இரண்டு முழுச் சீட்டு. மகன் என் படுக்கையில். இரவு முழுக்க ஒரு பக்கமாகவே படுத்திருப்பேன், அவன் விழாமலிருக்கக் கையை அணையாகப் போட்டு. மேட்டுப்பாளையத்தில் இறங்கி முகம் கழுவி, பால் வாங்கி, மலைப் பேருந்தில் வாந்தி எடுக்கப்போகும் மகளுக்குப் பையும் எலுமிச்சையும் தயார் செய்து, கோத்தகிரி போய்ச் சேரும்போது எனக்குக் கை மரத்திருக்கும். என் கணவர் இரண்டு நாள் கழித்து, கையை வீசிக்கொண்டு, கேக்குப் பெட்டியோடு வருவார். எல்லோரும் அவரிடம்தான் கேட்பார்கள்: "பயணமெல்லாம் எப்படி இருந்தது மாப்ள?"

இதைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன். வேறு பயணங்களில் பெட்டி எத்தனை கிலோ என்று எழுதுகிறார்கள். பண்டிகைப் பயணத்தில் பன்னிரண்டு மணி நேரம் ஒரு பிள்ளை ஒரு பெண்ணின் மீது இருந்தது என்பதை யாரும் எழுதுவதில்லை. ஆயாவுக்கு அது கூலி வேலையாக இருந்தது. அம்மாயிக்கு அது கட்டாய வெளியேற்றமாக இருந்தது. எனக்கு அது நானே விரும்பிப் போகும் பயணம். மூவரின் நிலையும் ஒன்றில்லை. நான் திரும்பிவர முடியும், என் சீட்டில் என் பெயர் இருக்கிறது. அந்த வேறுபாட்டை மறந்தால் நான் அவர்களுக்கு அநியாயம் செய்தவள் ஆவேன். ஆனால் மூவருடைய மடியையும் உலகம் ஒரே மாதிரி, கேட்காமலே எடுத்துக்கொண்டது.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை சொல்வேன். இந்தப் பண்டிகைக்கு ஊருக்குப் போனதும் உங்கள் பாட்டியைக் கேளுங்கள். கைப்பிள்ளையோடு அவர் போன மிக நீண்ட பயணம் எது, எதில் போனார், பிள்ளையை எங்கே வைத்துக்கொண்டார், யார் உதவினார்கள். அவர் பெயரையும் ஆண்டையும் சேர்த்து எழுதி வையுங்கள். நமக்குக் கிடைக்காத பயண நூல்கள் அவர்களிடம்தான் இருக்கின்றன.

அம்மா இந்த ஆண்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். போன வாரம் தொலைபேசியில், "நீ ரெண்டையும் இழுத்துக்கிட்டு மலையேற வேணாம், இந்த வருசம் நானே கீழ வர்றேன்" என்றார். மகள் பக்கத்திலிருந்து கேட்டுவிட்டு அழுதாள், இங்கே உறைபனி இல்லையாம். கடைசியில் பழையபடி நாங்கள்தான் போகிறோம். ஒரே ஒரு மாற்றம். அம்மா மேட்டுப்பாளையம்வரை இறங்கிவந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து மலைப் பேருந்தில் மகன் அவர் மடியில் வருவான். ஆயா என்று கூப்பிட்டாலும் பரவாயில்லை என்றார்.